கேள்வி – பதில்: கைத்துப்பாக்கியின் ஸ்பிரிங்குகளும் கைவசம் வைக்க வேண்டிய உதிரிப் பாகங்களும்

குறி ஏன் தவறுகிறது என்று கேட்கும் கடிதங்கள்தாம் இந்தப் பகுதிக்கு வழக்கமாக அதிகம் வரும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஸ்பிரிங்கைச் சுற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன். கீழே சொல்லியிருக்கும் எந்தச் சோதனையைத் தொடங்குவதற்கு முன்பும் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றிவிட்டு, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் வேலைசெய்யும் அறையிலேயே தோட்டாக்களை வைக்காதீர்கள். இதை ஒவ்வொரு பதிலிலும் திரும்ப எழுதப்போவதில்லை.

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ஒரே 9 மி.மீ. பிஸ்டலில் பயிற்சி செய்துவருகிறேன். ரீகாயில் ஸ்பிரிங்கை (சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியை, மீண்டும் முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கை) இதுவரை மாற்றவில்லை. துப்பாக்கியும் நன்றாகவே இயங்குகிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நான்கு ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த நான்கு ஆண்டில் எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்பதை எழுதவில்லை. எனக்குத் தேவையானது இரண்டாவது எண்தான். ஆண்டுக்கு 200 தோட்டா சுடுபவரின் ஸ்பிரிங்கும் மாதத்துக்கு 500 சுடுபவரின் ஸ்பிரிங்கும் ஒரே நாளில் வாங்கப்பட்டிருந்தாலும் அவற்றின் நிலை ஒன்றாக இருக்காது.

முழு அளவுள்ள பிஸ்டல்களுக்கு 3,000 முதல் 5,000 தோட்டாக்களுக்கு ஒருமுறை ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றுவது பரவலான வழக்கம். பெரெட்டா 92 வகைக்கு 5,000 என்ற எண் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. உங்கள் துப்பாக்கியோடு வந்த கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குட்டையான பிஸ்டல்களுக்கு இந்த எண் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே குறைந்த இடத்தில் குறைந்த சுற்றுகளுடன் அதே வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால் கம்பியின் ஒவ்வொரு சுற்றும் கூடுதலாக முறுக்கப்படுகிறது. 1911 என்ற மாதிரிப் பிஸ்டல் வகையில் இதை நேரடியாகவே பார்க்கலாம்: 5 அங்குலக் குழல் கொண்ட .45 பிஸ்டலுக்கு 16 பவுண்டு விசையுள்ள ஸ்பிரிங் வழக்கமென்றால், 4.25 அங்குலக் குழல் கொண்டதற்கு 18 பவுண்டு போடுவார்கள்.

எண்ணிக்கை தெரியாதபோது துப்பாக்கியே சில அடையாளங்களைக் காட்டும். முன்பு ஆறேழு அடியில் விழுந்துகொண்டிருந்த வெற்றுக்கூடுகள் பன்னிரண்டு, பதினைந்து அடி தள்ளிப் போய் விழத் தொடங்கினால் ஸ்லைடு முன்னைவிட வேகமாகப் பின்னால் போகிறது என்று பொருள். ஆனால் அதே நாளில் நீங்கள் தோட்டாவின் வகையையும் மாற்றியிருந்தால் இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். இரண்டாவது அடையாளம், தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளியபின் ஸ்லைடு கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூடாமல் நிற்பது. கட்டைவிரலால் தட்டினால் மூடிக்கொள்ளும். இதற்கு அழுக்கும் காரணமாகலாம் என்பதால் முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். வெறும் துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையில் சற்று மேல்நோக்கி வைத்து, ஸ்லைடைப் பின்னிழுத்து மெதுவாக விட்டால் அது தன் எடையையும் மீறி முழுதாக மூட வேண்டும். சுத்தமான துப்பாக்கியில் அது தயங்கி நின்றால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த வழி இவற்றைவிட எளிமையானது. புதிய ஸ்பிரிங்கைப் போட்டு முதல் நாள் பயிற்சி முடிந்ததும் அதைக் கழற்றி, அழுத்தமில்லாத நிலையில் அதன் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவுடன் அளப்பதில் பயனில்லை. புதுச் சுருள்வில் முதல் சில டஜன் அழுத்தங்களிலேயே கொஞ்சம் நீளம் இழந்து, பிறகு நிலைத்துவிடும். அந்த நிலைத்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை அளந்து எழுதிவைத்தால், அது சுருங்கும் போக்கு ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். பிரிக்க முடியாத கூட்டாக வரும் ரீகாயில் அமைப்புகளில் இப்படி அளக்க முடியாது. அங்கே எண்ணிக்கைதான் வழி, மாற்றும்போதும் முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும்.

“நன்றாகவே இயங்குகிறது” என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தளர்ந்த ரீகாயில் ஸ்பிரிங் உடனே துப்பாக்கியை நிறுத்திவிடாது. ஸ்லைடு சட்டகத்தில் கூடுதல் வேகத்தோடு மோதிக்கொண்டே இருக்கும். மோதும் இடத்தில் உலோகம் நசுங்கிப் பளபளப்பதைக் கவனித்தால் பார்க்கலாம். மலிவான பாகத்தை மிச்சப்படுத்தி விலை உயர்ந்த பாகத்தைச் செலவழிக்கும் கணக்கு இது.

கேள்வி: மேகசினை நிரப்பி வைத்தால் ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று எங்கள் பயிற்சியாளர் கூறுகிறார், மாதம் ஒருமுறை காலிசெய்து “ஓய்வு” கொடுக்கச் சொல்கிறார். இது உண்மையா?

பதில்: பயிற்சியாளரோடு உங்களுக்குச் சண்டை மூட்டிவிட எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஸ்பிரிங் தூங்கி எழுந்து புத்துணர்ச்சி பெறும் பொருளன்று.

இழுவைக்கு ஏற்ற விசை என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அந்த விதி ஓர் எல்லைவரைதான் செல்லும். மீட்சி எல்லைக்குள் அழுத்தப்பட்ட நல்ல எஃகுச் சுருள்வில், சாதாரண வெப்பநிலையில் அப்படியே மாதக்கணக்கில் கிடந்தாலும் மிகச் சிறிதளவே வலுவிழக்கும். அதை உண்மையில் தேய்ப்பவை இரண்டு: திரும்பத் திரும்ப அழுங்கி விரிவது, மீட்சி எல்லையைத் தாண்டி அழுத்தப்படுவது. மாதந்தோறும் காலிசெய்து மீண்டும் நிரப்புபவர், பாதுகாக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முதல் வகைத் தேய்மானத்தைத்தான் கூட்டுகிறார். நான்கைந்து நிரப்பல்களால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் இலாபமும் இல்லை.

இரண்டாவது வகையில்தான் உங்கள் பயிற்சியாளரின் பேச்சுக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. பழைய மேகசின்களில் ஸ்பிரிங்குக்குத் தாராளமான இடம் விட்டிருந்தார்கள். பிறகு 7 தோட்டா பிடித்த 1911 மேகசினின் அதே உயரத்தில் 8ஐ அடைக்கும் வடிவங்கள் வந்தன; இரட்டை வரிசை மேகசின்களிலும் ஒன்றிரண்டு கூடுதலாகத் திணிக்கும் போட்டி நடந்தது. தோட்டாவுக்குக் கொடுத்த இடம் ஸ்பிரிங்கிடமிருந்துதான் எடுக்கப்பட்டது. அத்தகைய மேகசினை முழுதாக நிரப்பும்போது சுருள்கள் ஏறத்தாழ ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன, கம்பி தன் எல்லையை நெருங்கிவிடுகிறது. கடைசித் தோட்டாவை உள்ளே தள்ளக் கட்டைவிரல் வலிக்கிறதென்றால், நிரப்பியே வைக்க வேண்டிய மேகசினில் ஒன்றைக் குறைத்து வையுங்கள். அதற்குமேல் கவலை வேண்டாம்.

மேகசின் ஸ்பிரிங் தளர்ந்ததைக் காட்டும் அடையாளங்கள் கடைசித் தோட்டாக்களில்தான் தெரியும், ஏனெனில் அப்போதுதான் அது அதிகம் விரிந்து, குறைந்த விசையோடு தள்ளுகிறது. கடைசிக்கு முந்தைய தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். அல்லது எல்லாம் சுட்டு முடித்தபின் ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்ளாமல் மூடிவிடும். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் ஓர் எண்ணை எழுதி வையுங்கள். தடங்கல் எப்போதும் 3ஆம் எண்ணிலேயே வந்தால் குற்றவாளி துப்பாக்கியன்று. அப்போதும் ஸ்பிரிங்கின்மேல் பழிபோடுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: மேகசினின் உதடுகள் (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல்விளிம்புகள்) விரிந்திருக்கின்றனவா, சுத்தம் செய்தபின் ஸ்பிரிங்கைத் தலைகீழாகவோ முன்பின்னாகவோ போட்டுவிட்டீர்களா. மேல் சுற்றின் சாய்வுதான் தோட்டாவின் மூக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. அதைத் திருப்பிப் போட்டுவிட்டுப் புது ஸ்பிரிங் வாங்கியவர்கள் என் மேசைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

கேள்வி: மென்மையான தோட்டாக்களால் சுடும்போது ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகவில்லை. ரீகாயில் ஸ்பிரிங்கில் மூன்று சுற்றை வெட்டிவிட்டால் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார். வெட்டலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். காரணத்தை ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

சுருள்வில்லின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. சுற்றைக் குறைத்தால் மிச்சமிருப்பது விறைப்பாகும். 30 சுற்றும் 150 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு ஸ்பிரிங், மில்லிமீட்டருக்கு 0.7 நியூட்டன் எதிர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்லைடு மூடிய நிலையில் அது 90 மி.மீ.க்கும், முழுதாகப் பின்சென்ற நிலையில் 45 மி.மீ.க்கும் சுருங்குகிறது என்றால், மூடிய நிலையில் அதன் விசை 42 நியூட்டன், பின்சென்ற நிலையில் 73.5 நியூட்டன், அதாவது 16 பவுண்டுக்குச் சற்று மேல். இப்போது மூன்று சுற்றை வெட்டுங்கள். நீளம் 135 மி.மீ. ஆகிறது, விறைப்பு 0.78க்கு ஏறுகிறது. மூடிய நிலையில் விசை 35 ஆகக் குறைகிறது. பின்சென்ற நிலையிலோ 70. உங்கள் குறை எந்த முனையில் இருந்ததோ அங்கே இருபதில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. எந்த முனையில் குறை இல்லையோ, ஸ்லைடை முழுதாக மூட வேண்டிய அந்த முனையில், ஆறில் ஒரு பங்கு விசையை இழந்துவிட்டீர்கள். போதாததற்கு, வெட்டிய கம்பியின் கூர்முனை, ஸ்பிரிங்குக்குள் நிற்கும் தண்டைக் கீறிக்கொண்டே இருக்கும்.

மென்மையான தோட்டாவுக்கு மெல்லிய கம்பியில் சுற்றிய, குறைந்த பவுண்டு அளவுள்ள ஸ்பிரிங்கை வாங்கிப் போடுங்கள். விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் 5 சதவீதம் கூடினாலே விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஸ்பிரிங்குகள் கையில் வேறாக இருப்பது இதனால்தான். வழக்கமான தோட்டாவுக்குத் திரும்பும் நாளில் பழைய ஸ்பிரிங்குக்கும் திரும்ப மறக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, “வலுவானது நல்லதுதானே” என்று கனமான ஸ்பிரிங்கைப் போடுபவர்களும் உண்டு. ஸ்லைடு பின்னால் மோதுவது குறையும். முன்னால் மோதுவது கூடும். மேகசின் அடுத்த தோட்டாவைத் தூக்கி நிறுத்துவதற்குள் ஸ்லைடு திரும்பி வந்துவிடும்.

கேள்வி: ரிவால்வரில் பத்துக்கு ஒரு தோட்டா வெடிப்பதில்லை. மெயின் ஸ்பிரிங் (சுத்தியலை அடிக்கவைக்கும் ஸ்பிரிங்) போய்விட்டதா?

பதில்: வெடிக்காதபோது துப்பாக்கி வாயை இலக்கின் திசையிலேயே குறைந்தது 30 விநாடி வைத்திருந்து, பிறகு திறந்து ப்ரைமரை (தோட்டாவின் அடியில் அடிபட்டு முதலில் வெடிக்கும் சிறு மூடியை) பாருங்கள். பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் அடி போதவில்லை. அதே தோட்டாவை மீண்டும் அடித்தபோது வெடித்தால், ப்ரைமர் ஆழமாக உட்காராமல் இருந்து, முதல் அடி அதை உட்காரவைப்பதிலேயே வீணாகியிருக்கக்கூடும். தோட்டாவைத் தாமே நிரப்புபவர்கள் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பட்டை வடிவ மெயின் ஸ்பிரிங் உள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வகை ரிவால்வராக இருந்தால், கைப்பிடியின் முன்பக்கத்தில் கீழே உள்ள சிறிய திருகைப் பாருங்கள். அதுதான் பட்டையை வளைத்து இறுக்கிப் பிடிக்கிறது. அது முழுதாக முடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதிர்வில் தளர்ந்திருக்கலாம், அல்லது விரலால் அழுத்தும் விசையை (டிரிகரை) இலேசாக்குவதற்காக முந்தைய உரிமையாளர் தளர்த்தியோ அராவியோ இருக்கலாம். ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் ஒரு திருப்புளி போதுமா என்று பார்த்துவிடலாம்.

கேள்வி: வாடிக்கையாகப் போட்டிகளுக்குச் செல்பவர் எந்தெந்த உதிரிப் பாகங்களைக் கைவசம் வைத்திருக்க வேண்டும்? பட்டியல் தருவீர்களா?

பதில்: பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் என்பதால், தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், தேய்ந்தே தீரும் என்று முன்கூட்டியே தெரிந்தவை: ரீகாயில் ஸ்பிரிங், மேகசின் ஸ்பிரிங்குகள், ப்ரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் அல்லது ஸ்டிரைக்கரின் ஸ்பிரிங். இவற்றை அடுத்த மாற்றத்துக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று வைத்திருங்கள். ஃபயரிங் பின்னைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தனித் தடுப்பு இல்லாத பழைய 1911 வடிவத்தில், துப்பாக்கி வாய் தரையில் படும்படி விழுந்தால் ஃபயரிங் பின் தன் வேகத்தில் முன்னேறி ப்ரைமரைத் தொடாமல் தடுப்பது அந்த ஒரு ஸ்பிரிங்தான். எனவே ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அடையாளம் எதுவும் காட்டாமல் ஒடிபவை. விசையை (டிரிகரை) திருப்பித் தள்ளும் ஸ்பிரிங், வெற்றுக்கூட்டைக் கவ்வி வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் ஆகியவை இவ்வகை. ஒரு போட்டியின் மூன்றாவது ஆட்டத்தின் நடுவே என் பிஸ்டலின் விசை ஸ்பிரிங் ஒடிந்து, விசை நூலறுந்த பொம்மையின் கைபோலத் தொங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முந்தைய நாள்வரை அது ஒரு குறையும் காட்டவில்லை. சோர்வினால் ஒடியும் கம்பி அப்படித்தான். சுற்றின் உட்பக்கத்தில், அழுத்தம் மிகுந்த இடத்தில், ஒரு கீறலிலோ துருப்புள்ளியிலோ விரிசல் தொடங்கி, வெளியே தெரியாமல் வளர்ந்து, ஒருநாள் முடிந்துவிடும். ஸ்பிரிங்குகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும் என்பது உராய்வுக்காக அல்ல, அந்தத் துருப்புள்ளிக்காகத்தான்.

மூன்றாவது, காணாமல் போகிறவை. கைப்பிடித் திருகு, குத்தூசிகள், ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு பறக்கும் குட்டித் தண்டு. பிரிக்கும்போது ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுப் பிரியுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பிளவுபட்ட உருளை ஊசிகள் ஒவ்வொரு முறை தட்டி எடுக்கும்போதும் பிடிப்பை இழக்கும். இவற்றைப் புதிதாகப் போடக் கூச்சப்படாதீர்கள்.

பெட்டியில் வைப்பது போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கிய உதிரிப் பாகத்தைத் துப்பாக்கியில் பொருத்தி, நூறு, நூற்றைம்பது தோட்டா சுட்டுப் பார்த்த பிறகே கைவசப் பெட்டிக்கு அனுப்புங்கள். பல நேரம் நான் புதியதைத் துப்பாக்கியிலேயே விட்டுவிட்டு, பாதி வாழ்நாள் மிச்சமிருக்கும் பழையதைப் பெட்டியில் வைப்பேன். அது வேலைசெய்யும் என்பது எனக்குத் தெரியும். உறைமேல் மாதிரியின் பெயர், தலைமுறை, குழல் நீளம், பவுண்டு அளவு, சுட்ட எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு தலைமுறைத் துப்பாக்கிகளின் ஸ்பிரிங் பொருந்தாமல் போவது சாதாரணம்.

எல்லாவற்றையும் நீங்களே பொருத்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1911இன் எக்ஸ்ட்ராக்டர் தானே ஒரு ஸ்பிரிங். அந்த எஃகுத் தண்டைச் சற்றே வளைத்துச் சரிசெய்துதான் பிடிப்பை அமைக்க வேண்டும். தோட்டாவை நேராகச் சேம்பரில் போட்டு ஸ்லைடை விடும் பழக்கம் அந்தப் பிடிப்பைக் கெடுக்கும் என்பதும் இதனால்தான். சுத்தியலையும் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கியையும் ஒருபோதும் வீட்டு மேசையில் அராவக் கூடாது. குழல், ஸ்லைடு, சட்டகம் போன்றவை பல நாடுகளில் துப்பாக்கியைப் போலவே உரிமத்துக்கு உட்பட்டவை. ஸ்பிரிங் வாங்குவதைப் போல அவற்றை உதிரியாக வாங்கி வைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: .22 பிஸ்டலைத் தோட்டா இல்லாமல் விசை அழுத்திப் பழகலாமா? ஸ்பிரிங் தேயுமா?

பதில்: ஸ்பிரிங்குக்கு ஆகும் தேய்மானம் அற்பம். விளிம்பில் அடிபடும் தோட்டாக்களுக்கான பழைய துப்பாக்கிகளில் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பையே அடித்து நசுக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து. கையேடு அனுமதிக்காவிட்டால் போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: பாட்டனார் வைத்திருந்த பழைய பிஸ்டல் உரிமத்தோடு எனக்கு வந்திருக்கிறது. தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஸ்பிரிங் ஒடிந்தால் என்ன செய்வது?

பதில்: ஒடிவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

பழைய துப்பாக்கிகளில் பட்டை ஸ்பிரிங்குகளும் கவட்டை வடிவ ஸ்பிரிங்குகளும் மிகுதி. லூகர் பிஸ்டலிலேயே முதலில் இருந்தது பட்டை ஸ்பிரிங்தான். 1906இல்தான் அதைச் சுருள்வில்லாக மாற்றினார்கள். சுருள்வில் தளர்ந்துகொண்டே வந்து, சில நேரம் ஒடிந்த பிறகும் ஒப்புக்கு வேலைசெய்யும். கவட்டை ஸ்பிரிங் ஒடிந்தால் அத்தோடு முடிந்தது. சுத்தியலை ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள். கவட்டை ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அதற்குரிய சிறு இறுக்கியால் மட்டுமே பிடியுங்கள். குறட்டின் பல் பதித்த கீறல் அடுத்த ஒடிவின் தொடக்கமாகிவிடும்.

திறமையான துப்பாக்கிப் பழுதுநீக்குபவரால் கவட்டை ஸ்பிரிங்கைப் புதிதாகச் செய்ய முடியும். எஃகை வடிவமைத்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பின் நீலம் பூக்கும்வரை, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு, மீண்டும் பதப்படுத்துவார். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட்டால் ஒடியும், நீலத்தைத் தாண்டிவிட்டால் வளைந்தபடியே நின்றுவிடும். சுருள்வில்லாக இருந்தால் ஸ்பிரிங் சுற்றும் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். இருவருக்கும் தேவைப்படுவது அளவுகள். ஒடிந்த துண்டுகளிலிருந்து அவற்றை எடுப்பது கடினம். ஆகவே இந்த வாரமே ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கழற்றி, கம்பியின் தடிமன், வெளிவிட்டம், மொத்தச் சுற்றுகள், அழுத்தமில்லா நீளம், வலப்பக்கச் சுற்றா இடப்பக்கச் சுற்றா, முனைகள் மூடியனவா திறந்தனவா என்பதை எழுதி, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, அந்தத் தாளைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.